நவராத்திரிக்கு ஒரு டஜன் விரிப்பு

தூங்கச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிச்சிட்டு ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடிப் படுங்க அண்ணி, நாலு மணிக்கு டாக்டர் வருவார், வந்ததும் போன் பண்றேன், அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க என்று கொழுந்தன் அம்பலவாணன் ஆட்டோவில் ஏற்றிவிட்டான். சௌந்தரம் குளித்தாள். மோர் சாதத்தில் பாதியைச் சாப்பிட்டு மீதியை மூடி வைத்தாள். படுத்தாள். கட்டிலில் வீட்டுக்காரர் பக்கத்துத் தலையணை, அவர் குளியலறையில் விழுந்த அன்று காலையில் எப்படிக் கிடந்ததோ அப்படியே நடுவில் குழியோடு கிடந்தது. அதைத் தட்டிச் சரிப்படுத்தலாமா, விட்டுவிடலாமா என்று யோசித்ததில் தூக்கம் போய்விட்டது. எழுந்து வந்து ஜன்னலோரம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நவராத்திரிக்கு வருகிற பெண்களுக்குக் கொடுக்க ஒரு டஜன் விரிப்பு தைப்பதாக ஏற்பாடு. சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் போடுகிற விரிப்பு. ஏழு முடிந்திருந்தது. அன்றைக்கு எட்டாவதை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பக்கெட் விழுந்த சத்தம் என்று நினைத்து, வெட்டுகிற கோட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒரு கோடு. ஒரு சாண் நீளம் இருக்கும். அந்த ஒரு சாணில் அவருக்கு என்ன போயிருக்கும் என்று யாரிடமும் கேட்க முடியாது. ஒன்றும் போயிருக்காதும்மா என்று டாக்டர் சொல்வார், அதை நம்ப முடியாது. எவ்வளவோ போயிருக்கும் என்று சொன்னால் அதை நம்பிவிடுவாள். ஆகவே கேட்கவில்லை. அம்பலவாணனும் விழுந்த உடனே பார்த்துட்டீங்களா அண்ணி என்று கேட்டபோது உடனே என்றுதான் சொன்னாள். வெட்டிய துண்டுகள் மெஷின் பலகை மேல் அன்றைக்கு வைத்த வரிசை கலையாமல் இருந்தன, மேலே மெல்லிய தூசியோடு. ஊதினாள். நூல் கோத்தாள். இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை கோத்தாள். முடிவு சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதா, அங்கேயே வைத்திருப்பதா.

காலையில் அந்தச் சின்ன வயசு டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மூச்சு அவர் விடலைம்மா, வென்டிலேட்டர்தான் விடுது. மூளையில ரத்தம் கொட்டினது கொட்டினதுதான். கண் திறப்பார்னு என்னால சொல்ல முடியலை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னாலும் சரி, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கறதுன்னாலும் சரி, நீங்க பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க." நீங்க என்று அவர் சொன்னது அம்பலவாணனை. அம்பலவாணன் திரும்பி அவளைப் பார்த்தான். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பார்வைக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேறு ஆள் இல்லை. வீட்டுக்கு என்றால் என்ன என்று ஒருவரும் விளக்கவில்லை, விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆம்புலன்சில் ஒரு பையன் ரப்பர் பலூனை அமுக்கிக்கொண்டே வருவான். ஹாலில் கிடத்துவார்கள். தொண்டையிலிருந்து குழாயை உருவுவார்கள். அரைமணியோ ஒரு மணியோ. கீழ்வீட்டுப் புஷ்கலாவின் புருஷனை அப்படித்தான் கொண்டுவந்தார்கள், போன வருஷம் ஆடியில். சௌந்தரமும் அவரும் இறங்கிப் போய் நின்றார்கள். திரும்பி மாடி ஏறும்போது இவர்தான் சொன்னார், நல்ல காரியம் பண்ணினா அந்தப் பொண்ணு, ஆஸ்பத்திரியில அநாதையாட்டம் விடாம கூட்டிட்டு வந்துட்டா பாரு. அதைச் சொன்னவர் இவர்தான். இதே படியில், மூன்றாவது திருப்பத்தில், கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். அப்படியென்றால் முடிவு அவரே சொல்லிவிட்ட மாதிரிதானே. சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டு போனை எடுத்து அம்பலவாணனைக் கூப்பிட்டுக் கூட்டிட்டு வந்துடுங்க தம்பி என்றால் ஒரு நிமிஷ வேலை. பெடலை மிதித்தாள். அரக்குத் துண்டும் மஞ்சள் துண்டும் சேர்ந்து ஊசிக்கு அடியில் போயின.

எல்லாம் ரவிக்கைத் துணி. முப்பது வருஷமாகத் தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணி ஒரு டிரங்க் பெட்டி நிறையக் கிடந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், அதன் மேல் மடித்து ஒரு ரவிக்கைத் துணி. தைத்துப் போட்டுக்கொள்ள எவளும் வாங்குவதில்லை, கொடுப்பதற்கென்றே கடையில் கட்டுக்கட்டாக விற்கிற மட்டத் துணி. போன வருஷம் வந்ததை இந்த வருஷம் வேறொருத்திக்குக் கொடுப்பது, அவள் அடுத்த வருஷம் இன்னொருத்திக்குக் கொடுப்பது. கொடுக்கும்போது மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் தடவிக் கொடுக்க வேண்டும். கிளிப்பச்சையில் ஒரு துண்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது. நாலு வீடு சுற்றி வந்திருக்கிறது. அதில் ஒன்று அவளே தடவியதாகவும் இருக்கலாம். அதைக் காட்டியபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்து, ரேஷன் கார்டு மாதிரி சீல் வாங்கியிருக்கே இது என்றார். மின்வாரியத்தில் காலமெல்லாம் மீட்டர் பார்த்தவர், எதையும் கிட்ட வைத்துத்தான் பார்ப்பார். நடுவில் வைக்கப் பஞ்சு அட்டை வாங்க வேண்டாம், என் பழைய வேட்டி இருக்கே, ரெண்டு மடிப்பா வச்சுத் தைச்சா மெத்துன்னு இருக்கும் என்று யோசனை சொன்னதும் அவர்தான். வேட்டியைக் கிழித்துக் கொடுத்ததும் அவர்தான். பல்லால் ஓரத்தைக் கடித்து, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. இன்னொண்ணு கொடு என்றார். உசிரோட இருக்கறவர் வேட்டியைக் கிழிக்கலாமா என்று அவள் கேட்டாள். கேட்டாளா, நினைத்தாளா? கேட்டாள், கேட்டதற்கு அவர் சிரித்து, செத்தப்புறம் கிழிச்சா நான் எப்படி ஒத்தாசை பண்றது என்றார். அது ஆவணிக் கடைசி. புரட்டாசி பிறந்து ஒரு வாரத்துக்குள் விழுந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரத்த அழுத்த மாத்திரையை இவரே நிறுத்திக்கொண்டார் என்பதுதான் காரணம், டாக்டர் கேட்டதும் அம்பலவாணன் தேடி எடுத்த பிரிக்காத மாத்திரை அட்டைகள்தான் காரணம். ஆனாலும் துணிக்குள் அவர் வேட்டி இருக்கிறது. ஏழு விரிப்புக்குள்ளும் இருக்கிறது. இவற்றை வாங்கிக்கொண்டு போகிற பெண்கள் மேலே சாம்பார் சாதத் தட்டை வைப்பார்கள்.

வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வந்தால்தானே. அதுதான் இடித்தது. மிதித்துக்கொண்டிருந்த காலை எடுத்தாள். இதைத்தான் காலையிலிருந்து பக்கத்தில் வரவிடாமல் தள்ளிக்கொண்டிருந்தாள், ஆட்டோவில், குளிக்கும்போது, படுக்கையில். நாளன்றைக்கு அமாவாசை. மறுநாள் கொலு. இன்றைக்கோ நாளைக்கோ அவர் போய்விட்டால் இந்த வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது. இந்த வருஷம் மட்டுமா? அடுத்த வருஷம் தீட்டு இருக்காது, கொலு வைக்கலாம், யார் வேண்டாம் என்றார்கள், பொம்மைகளுக்கு என்ன தெரியும். ஆனால் வருகிறவளுக்குக் குங்குமம் எடுத்துக் கொடுக்கிற கை இவள் கையாக இருக்காது. பக்கத்துப் பெண் எவளாவது வந்து நின்று கொடுப்பாள், இவள் சமையலறை வாசலில் சுண்டல் கிண்ணத்தோடு நிற்பாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய பெரியம்மா, எண்பது தாண்டியவள், நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு சத்தமாகவே சொன்னாள், "மாளய பட்சம்டி. பித்ருக்கள் எல்லாம் கீழே எறங்கி வந்து நிக்கற நாளு. இப்பப் போறவன் கொடுத்து வச்சவன். கையப் புடிச்சு அழைச்சிட்டுப் போயிடுவாங்க. அமாவாசை தாண்டிட்டா அவனாத்தான் வழி தேடிப் போகணும்." அம்பலவாணன் பெரியம்மா சும்மா இருங்க என்றான், ஆனால் காதில் வாங்கிக்கொண்டான். அமாவாசைக்கு முன்னால் என்றால் அவருக்கு நல்லது. அமாவாசை தாண்டி, விஜயதசமி தாண்டி என்றால்? அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, டாக்டரே சொல்கிறார். தெரியப்போவதில்லை என்றால் வலிக்கப்போவதுமில்லை. வலிக்கவில்லை என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் என்ன. அங்கே படுத்திருப்பவருக்கு இரவும் பகலும் ஒரே டியூப் லைட் வெளிச்சம். இங்கே அவள் ஒன்பது நாளும் தலையில் பூ வைத்துக்கொண்டு. சீ. என்ன ஜென்மம் இது என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னது வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு மனுஷன் தொண்டையில் குழாயோடு கிடக்கிறான், இவளுக்குச் சுண்டலும் கோலமும். இல்லை, கொலுவுக்காக இல்லை, அவர் கண் திறந்துவிடக் கூடாதா என்கிற ஆசைதான், எந்தப் பெண்டாட்டிக்கும் இருக்கிற ஆசைதான், அதுதான் கொலு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. அப்படிச் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண் திறப்பதை நினைத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை, வெறும் இருட்டு. கொலுவை நினைத்துப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது, பாய் எந்தப் பக்கம் விரிப்பது, சந்தனக் கிண்ணம் எங்கே வைப்பது என்பது வரை.

எட்டாவது விரிப்பு புஷ்கலாவுக்கு என்று வைத்திருந்தது. இந்த விரிப்பு யோசனையே அவளால் வந்தது. போன வருஷம் புருஷன் போய் இரண்டு மாதம்கூட ஆகாதபோது, கொலு நடந்துகொண்டிருக்கையில் எதற்கோ மேலே வந்தாள், இரவல் வாங்கிய அரிவாள்மணையைத் திருப்பிக் கொடுக்கவென்று. ஹாலில் பத்துப் பெண்கள். வந்தவளைப் பார்த்ததும் பாட்டு ஒரு அடி தடுக்கி மறுபடி ஓடியது. சௌந்தரம் குங்குமச் சிமிழை எடுத்த கையைப் பாதியில் நிறுத்தி, சுண்டலை மட்டும் காகிதத்தில் பொட்டலம் கட்டி வாசலிலேயே கொடுத்தாள். மறுநாள் படியில் பார்த்தபோது புஷ்கலா முகம் கோணாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள், "என்னக்கா, வெறும் சுண்டலோட தள்ளி விட்டுட்டீங்க. ஒரு ஜாக்கெட் பிட்டு குடுத்திருந்தா தலகாணிக்காவது உறை தைச்சிருப்பேன். தலகாணி என்ன, சுமங்கலியா இருந்தாத்தான் உறை போட்டுக்குமா?" அப்போதிருந்து மனதில் அரித்து, அரித்து, இந்த வருஷம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு சாமான், மங்கலமும் இல்லாத அமங்கலமும் இல்லாத சாமான், தட்டுக்கு அடியில் போடுகிற ஒரு சாமான் என்று முடிவானது. தான் பெரிய மனசோடு கொடுக்கப் போகிறதாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் அந்தக் கிளிப்பச்சைத் துண்டின் ஒரு மூலை எட்டாவது விரிப்பின் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது, மஞ்சள் பொட்டோடு. கவனிக்காமல் சேர்த்துத் தைத்திருக்கிறாள். மஞ்சள் தடவிய துணியை அவளுக்குக் கொடுப்பதா? கொடுத்தால் என்ன, பார்த்தால் கறை என்று நினைப்பாள். கொடுக்கக் கூடாது என்றால் பிரிக்க வேண்டும். பிரித்தால் வரிசை முழுக்கப் பிரியும். ஊசி முனையால் ஒரு தையலைத் தூக்கினாள். தூக்கிவிட்டு நின்றாள். இதைப் பிரிப்பதற்கு இவள் யார். பத்து நாளில் இவளுக்கே மஞ்சள் பொட்டு இல்லாத துணி தேடுவார்கள், வெள்ளையாக இருந்தால் நல்லது என்று.

கதவு தட்டியது புஷ்கலாதான். கையில் சின்னத் தூக்கு. "வந்த சத்தம் கேட்டுச்சு. மெஷின் சத்தமும் கேட்டுச்சு. தூங்கறதுக்கு அனுப்பினா நீங்க தையக்கடை நடத்தறீங்களா?" என்றாள். தூக்கை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "காப்பி. சக்கரை கம்மி." சௌந்தரம் வாங்கிக் குடித்தாள். சூடு நாக்கில் பட்டபோதுதான் நாக்கு இருப்பது தெரிந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பெரியம்மா சொன்னதையும் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. புஷ்கலா கீழே விழுந்து கிடந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "கூட்டிட்டு வந்துடுங்கக்கா. நான் அப்படித்தான் பண்ணேன். எங்க வீட்டுக்காரர் மூஞ்சி குழாயை எடுத்தப்புறம்தான் அவர் மூஞ்சி மாதிரி ஆச்சு. இல்லைன்னா கடைசியில நமக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் இருக்கும்." சௌந்தரம் சரிதான் என்றாள். "பயமா இருந்துச்சா உனக்கு?" "இல்லையா பின்னே? ஆனா அது ஒரு மணி நேரம். மத்த பயம்தான் இன்னும் போகலை." எது என்று சௌந்தரம் கேட்கவில்லை. புஷ்கலா விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள், கட்டைவிரலால் அமுக்கி, "நல்லா மெத்துன்னு இருக்கே. டேபிள் மேட்டா? யாருக்கு இது?" என்றாள். "உனக்குத்தான்." "எனக்கா? எங்க வீட்டுல டேபிளே கிடையாதே." சிரித்தாள். "தரையில போட்டுச் சாப்பிடறேன், அதனால என்ன. கொலுவுக்குக் குடுக்கறதா? அப்ப இந்த வருஷம் கொலு…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் முகம் கறுத்தது. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, வாய் பாட்டுக்கு வந்துடுச்சு." சௌந்தரம் பரவால்ல என்றாள். உள்ளே இருந்ததை வெளியில் இருந்து ஒருத்தி எடுத்துச் சொன்னதும், அது அவ்வளவு பயங்கரமாக இல்லாததும், காப்பிச் சூடு இறங்கியது போல இறங்கியது. வாய் பாட்டுக்கு வருகிற சாதாரண விஷயம். எல்லோரும் நினைப்பதுதான். நினைக்காமலா இருப்பார்கள்.

புஷ்கலா போன பிறகு வெளிச்சம் மெஷின் பலகையை விட்டு இறங்கித் தரைக்குப் போயிருந்தது. பிரிக்கத் தூக்கிய தையலை அப்படியே விட்டு மேலேயே ஓட்டினாள். ஓட்டுத்தையல் போட்டுப் பிடிக்காததால் உள்ளே இருந்த வேட்டித் துணி நழுவி அடியில் சுருக்கம் விழுந்தது. கையால் நீவினாள். நீவினால் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் எழும்பியது. அவரும் இப்படித்தான், தூக்கத்தில் ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் உருண்டு வருவார். முப்பத்தைந்து வருஷம் தள்ளிக்கொண்டே படுத்தாள். ஐசியூவில் அவரைத் தள்ளிப் படுக்கவைக்க நாலு பேர் வருகிறார்கள், முதுகில் புண் வந்துவிடக் கூடாதென்று. நேற்றுப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே சிவந்திருந்தது. இன்னும் பத்து நாளில் அது சிவப்போடு நிற்காது, புண் பிடிக்கும், அதை அவள் பார்ப்பாள், பார்த்துவிட்டு வந்து கொலுவுக்கு விளக்கேற்றுவாள். பார்க்க முடியும். மனுஷனால் பார்க்க முடியாதது ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். கொலுப் படி போடுகிற இடமும் அதுதான், கொண்டுவந்தால் கிடத்துகிற இடமும் அதுதான், வேறு இடமில்லை. தெற்கே தலைவைத்து நீளமாக ஒரு உடம்பு. மேற்குச் சுவரோடு ஏழு படி. இரண்டையும் ஒரே சமயத்தில் நினைத்தால் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியது. கூட்டிட்டு வந்துடுங்க தம்பி. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சுலபமாக இருந்தது. இன்னொரு தரம் சொன்னாள். அவர் படியில் நின்று மூச்சு வாங்கியதை நினைத்துக்கொண்டாள், நல்ல காரியம் பண்ணினா அந்தப் பொண்ணு. சரி. அதுதான் முடிவு. எழுந்து முகம் கழுவினாள். ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கினாள். பாய் எங்கே என்று யோசித்தாள். போன் வந்தது.

"அண்ணி, டாக்டர் பார்த்துட்டுப் போயிட்டாரு. மாற்றம் ஒண்ணுமில்லை" என்றான் அம்பலவாணன். பின்னால் லிப்ட் மணி, யாரோ ஒரு குழந்தையை அதட்டுகிற சத்தம். "பெரியம்மா ஒரு பக்கம் அமாவாசை அமாவாசைன்னு பிடுங்கறாங்க. கூட்டிட்டு வர்றதா இருந்தா சாயந்திரத்துக்குள்ள ஆம்புலன்சுக்குச் சொல்லணும். நீங்க என்ன சொன்னாலும் சரி அண்ணி. நான் குறுக்கே பேச மாட்டேன்."

"வேண்டாம் தம்பி" என்றாள் சௌந்தரம். "அங்கேயே இருக்கட்டும்."

அவளே கேட்டுக்கொண்டிருந்தாள், வேறு யாரோ பேசுவதைக் கேட்பது போல. அம்பலவாணன் கேட்டான், "எத்தனை நாள் அண்ணி பார்க்கறது? டாக்டர் கேப்பாரு, ஒரு கணக்குச் சொல்லணுமே."

"விஜயதசமி கழியட்டும்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. இப்போது அவன் கேட்பான், ஏன் விஜயதசமி, அதற்கும் அண்ணனுக்கும் என்ன என்று கேட்பான். கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடலாம், சொன்னால் காறித் துப்புவான், துப்பினால் பிறகு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று வேகமாக நினைத்தாள். அம்பலவாணன் விசும்புகிற சத்தம் கேட்டது. "வேண்டுதல் வச்சிருக்கீங்களா அண்ணி? அம்பாள் கிட்டயா? எனக்குத் தோணவே இல்லை பாருங்க. கூடப் பிறந்த நான் காலையிலேயே கைகழுவிட்டேன் அண்ணி. உங்களுக்கு இருக்கற நம்பிக்கை எனக்கு இல்லாம போச்சே." போனை மூடாமலே திரும்பிச் சொன்னான், "பெரியம்மா, அண்ணி விட மாட்டேங்கறாங்க. ஒன்பது நாளும் அம்பாளுக்கு வேண்டிக்கிட்டு இருக்காங்க." அந்தக் கிழவி போனை வாங்கினாள், வாயருகே வைக்கத் தெரியாமல் கத்தினாள். "இருடி! நீ இரு! நான் என்னமோ ஒளறிட்டேன். உன் தாலி அவனை இழுத்துப் பிடிச்சுக் கொண்டாந்துடும். இந்த வருஷம் கொலுவை விடாத, கேட்டியா? அம்பாளை வீட்டுக்கு வரவழைச்சு உட்கார வை. நான் வந்து படி கட்டித் தரச் சொல்றேன் பசங்களை."

"சரி அத்தை" என்றாள்.

அம்பலவாணன் மறுபடி வந்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அஞ்சு மணிக்கு உள்ள விடுவாங்க. வாங்க அண்ணி. வந்து அண்ணன் காதுகிட்ட நீங்களே சொல்லுங்க. நாங்க கூப்பிட்டா அசையலை, நீங்க சொன்னாக் கேப்பாரு."

புடவை மாற்றினாள். வீட்டைப் பூட்டினாள். புஷ்கலாவின் கதவு திறந்திருந்தது. சத்தம் போடாமல் கடந்து, ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் நடைபாதையில் வைக்கோல் பரப்பிக் கொலு பொம்மை விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காமலே புதுசாக என்ன வந்திருக்கிறது என்று தெரிந்தது. ஐசியூ வாசலில் செருப்பைக் கழற்றி, பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வாயில் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஓரத்தில் எச்சில் காய்ந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். நர்ஸ் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டு, பேசுங்கம்மா, கேக்கும்னு சொல்வாங்க என்று விலகிப் போனாள். சௌந்தரம் குனிந்தாள். அவர் காதில் எப்போதும் போல இரண்டு முடி நீட்டிக்கொண்டிருந்தது. "எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறியது. எதைக் கேட்டாலும் ஏன் என்று கேட்காத மனிதர்.